கைவிளக்கும் வண்ணப் படமும்

உலகில் பிறந்தோர் எண்ணிலடங்கார். பிறர்க்கென வாழ்ந்தோர் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கைவிளக்கேந்திய காரிகை என்று நாம் கீழ்வகுப்புகளிலேயே கேட்டறிந்த அதே அம்மையார்தாம். இரவின் இருளில், கையில் சிறு விளக்குடன், காயமுற்ற போர்வீரர்களின் படுக்கைகளுக்கிடையே அவர் நடந்து செல்லும் காட்சி நம் மனக்கண்முன் எப்போதும் நிற்கிறது.

ஆனால், அவர் அந்த விளக்கைப் பிடித்திருந்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. எழுதுகோலைப் பிடித்திருந்ததோ நாற்பது ஆண்டுகளுக்கும் மேல். அந்த எழுதுகோலைக் கொண்டு அவர் கணக்குகள் போட்டார். கணக்குகளை வண்ணப் படங்களாக வரைந்தார். அந்தப் படங்களைக் காட்டி ஒரு பேரரசின் கண்களையே திறந்தார். விளக்கேந்திய கையை அறிந்த நாம், படம் வரைந்த கையையும் அறிய வேண்டாமா? அதனை எனக்குத் தெரிந்த அளவில் எழுத முற்படுகிறேன்.

பிறப்பும் இளமையும்

செல்வச் செழிப்பு மிக்க ஓர் ஆங்கிலக் குடும்பத்தார் இத்தாலி நாட்டில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே குழந்தைக்கும் பெயராயிற்று. அவருடைய தமக்கை முந்தைய ஆண்டு நேப்பிள்ஸ் நகரில் பிறந்தவர். அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப் என்பதே அவருக்கு இடப்பட்டது.

தந்தையார் வில்லியம் எட்வர்டு நைட்டிங்கேல் கல்வியில் பெருவிருப்பம் உடையவர். பெண்களுக்கு இசையும் தையலும் போதும் என்று உலகம் எண்ணியிருந்த அக்காலத்தில், அவர் தம் இரு மகள்களுக்கும் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் ஆகிய மொழிகளையும், வரலாற்றையும், தத்துவத்தையும் தாமே கற்பித்தார். பிளாரன்சுக்கு இவை போதவில்லை. கணிதம் படிக்க வேண்டும் என்று கேட்டார். திருமணம் செய்துகொண்டு குடும்பம் நடத்தப் போகும் பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்பது தாயாரின் எண்ணம். பிளாரன்ஸ் விடவில்லை. கெஞ்சியும் வாதாடியும் இறுதியில் கணிதப் பாடம் பெற்றார். எண்கள் அவருக்கு வெறும் எண்களாக இருக்கவில்லை. பிற்காலத்தில், உலகில் நடப்பவற்றைக் கணக்கிட்டு ஆராய்வதே இறைவனின் திட்டத்தை அறியும் வழி என்று நம்பும் அளவுக்கு அந்த ஈடுபாடு வளர்ந்தது.

1837ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், தமது பதினாறாம் வயதில், தமது பணிக்கு வருமாறு இறைவன் தம்மை அழைத்ததாக அவர் உணர்ந்தார். அந்தப் பணி எது என்பது உடனே விளங்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, நோயாளிகளுக்குத் தொண்டு செய்வதே அது என்று தெளிந்தார். ஆனால், வீட்டார் அதிர்ந்து போயினர். அக்காலத்து மருத்துவமனைகள் அழுக்கும் துர்நாற்றமும் நிறைந்தவை. அங்கே வேலை செய்யும் பெண்களைச் சமூகம் மதிக்கவில்லை. பெரிய வீட்டுப் பெண் அங்குப் போவதா என்று தாயாரும் தமக்கையும் அழுதனர். 1849ஆம் ஆண்டில், தம்மை மணக்க விரும்பிய ரிச்சர்டு மாங்க்டன் மில்ன்ஸ் என்ற சிறந்த மனிதரையும் அவர் மறுத்துவிட்டார்.

இதற்கிடையில், 1847ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ரோமாபுரிக்குச் சென்றார். அங்கே திரினிதா தெய் மோந்தி என்ற கன்னியர் மடத்தில் அன்னை சாந்தா கொலம்பா என்ற அருட்சகோதரியின் நட்பைப் பெற்றார். அந்த மடத்திலேயே சில நாட்கள் தங்கித் தியானம் செய்தார். நைட்டிங்கேல் அம்மையார் கத்தோலிக்கர் அல்லர். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். எனினும், கத்தோலிக்கக் கன்னியரின் ஒழுங்கும் தியாகமும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. 1851ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதங்கள் செவிலியர் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டனில் ஒரு சிறிய மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

போர்க்களத்தை நோக்கி

1853ஆம் ஆண்டில் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியின் பக்கம் சேர்ந்தன. போர் கிரிமியா என்ற தீபகற்பத்தில் நடந்தது. காயமுற்ற ஆங்கிலேய வீரர்களைக் கப்பலில் ஏற்றிக் கருங்கடலைக் கடந்து ஸ்குட்டாரி என்ற இடத்துக்குக் கொண்டு வந்தனர். இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதி அது. அங்கே ஒரு பெரிய படைவீட்டையே மருத்துவமனையாக மாற்றியிருந்தனர். கட்டுத்துணி இல்லை, போர்வை இல்லை, கவனிக்க ஆள் இல்லை என்ற செய்தியை இலண்டன் செய்தித்தாள்கள் வெளியிட்டன. நாடே கொதித்தது.

போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட், ரோமாபுரியில் நைட்டிங்கேலுக்கு நண்பரானவர். செவிலியரைத் திரட்டிச் செல்லுமாறு வேண்டி அவர் கடிதம் எழுதினார். அதே நேரத்தில், தாம் செல்ல விரும்புவதாக நைட்டிங்கேலும் எழுதியிருந்தார். இருவர் கடிதங்களும் வழியில் ஒன்றையொன்று கடந்து சென்றன!

1854ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் முப்பத்தெட்டுப் பெண்களுடன் அவர் இலண்டனிலிருந்து புறப்பட்டார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்க அருட்சகோதரிகள். பெர்மாண்ட்சி கன்னியர் மடத்தின் தலைவியான அன்னை மேரி கிளேர் மூர் அவர்களில் ஒருவர். பொருள்களைப் பகிர்ந்து கொடுப்பதிலும் ஒழுங்கைக் காப்பதிலும் அவர் நைட்டிங்கேலுக்கு வலக்கரமாக விளங்கினார். தலைமைப் பொறுப்புக்குத் தம்மைவிடத் தகுதி வாய்ந்தவர் அன்னையே என்று நைட்டிங்கேல் பிற்காலத்தில் மனம் திறந்து எழுதியிருக்கிறார். சபை வேறானாலும் அந்த நட்பு, 1874ஆம் ஆண்டில் அன்னை இறைவனடி சேரும் வரை நீடித்தது.

நவம்பர் 4ஆம் நாள் அவர்கள் ஸ்குட்டாரியை அடைந்தனர். பெண்கள் வந்ததை மருத்துவர்கள் முதலில் விரும்பவில்லை. ஆனால், மறுநாளே இன்கர்மன் என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. காயமுற்றோர் வெள்ளமென வந்து குவிந்தனர். அதன் பின் எதிர்ப்புக்கு இடமேது? தரையைத் தேய்த்துக் கழுவினர்; துணிகளை வெளுக்க ஏற்பாடு செய்தனர்; நோயாளிக்கேற்ற உணவு சமைத்தனர். இரவில் எல்லோரும் உறங்கிய பின் நைட்டிங்கேல் விளக்குடன் சுற்றி வந்தார். வீரர்கள் அவரைத் தெய்வமாகப் போற்றினர்.

இத்தனை பாடுபட்டும், தோழியரே, சாவு குறையவில்லை! 1854 டிசம்பரில் 1,725 வீரர்கள் நோயால் இறந்தனர். 1855 ஜனவரியில் 2,761 பேர் இறந்தனர். பிப்ரவரியில் 2,120 பேர். அந்த ஜனவரியில் போர்க்காயத்தால் இறந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 83 பேர்தான். பகைவனின் குண்டு கொன்றதைவிட முப்பத்து மூன்று மடங்கு வீரர்களைக் காலராவும் வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் கொன்றன.

1855 மார்ச் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. டாக்டர் ஜான் சதர்லண்டும், ராபர்ட் ராலின்சன் என்ற பொறியாளரும் அதில் இருந்தனர். மருத்துவமனைக் கட்டடத்தின் அடியில் சாக்கடைகள் அடைத்துக் கிடந்ததை அவர்கள் கண்டனர். அவற்றைத் திறந்து கழுவினர், குப்பைகளை அகற்றினர், காற்றோட்டத்துக்கு வழி செய்தனர், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். அந்த மார்ச்சில் 1,205ஆக இருந்த நோய்ச் சாவு, மே மாதத்தில் 508ஆகக் குறைந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் 15ஆகிவிட்டது. அதாவது, அந்த வீரர்களில் பெரும்பாலோர் சாகாமல் காக்கப்பட்டிருக்கக் கூடியவர்கள்.

எண்களின் மௌனம்

1856 ஆகஸ்ட் மாதம் நைட்டிங்கேல் தாயகம் திரும்பினார். கிரிமியாவில் கண்ட கடுங்காய்ச்சலால் அவருடைய உடல் நலிந்திருந்தது. வரவேற்பு விழாக்களை அவர் விரும்பவில்லை. ஓசையின்றி வீடு வந்து சேர்ந்தார். இறந்த வீரர்களின் நினைவு அவரை உறங்கவிடவில்லை. அந்தச் செப்டம்பரில் விக்டோரியா மகாராணியாரைச் சந்தித்தார். இராணுவத்தின் உடல்நலத்தை ஆராய ஓர் அரசு ஆணையம் வேண்டும் என்று வற்புறுத்தினார். 1857இல் ஆணையம் அமைந்தது. பெண் என்பதால் அவர் அதில் உறுப்பினர் ஆக முடியவில்லை. ஆனாலும், அதன் மூளையாக இருந்தவர் அவரே.

வில்லியம் பார் என்ற புகழ்பெற்ற புள்ளிவிவர அறிஞர் அவருக்குத் துணை நின்றார். இருவரும் சாவுக் கணக்குகளை மாதவாரியாகப் பிரித்து அட்டவணைகள் தயாரித்தனர். போர் இல்லாத காலத்திலும் இதே கதைதான் என்பது அப்போது தெரிந்தது. இருபது முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள ஆங்கிலேய ஆண்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு எட்டுப் பேர் இறந்தனர். அதே வயதுப் படைவீரர்களில், சொந்த நாட்டுப் படைவீடுகளிலேயே, ஆயிரத்துக்குப் பதினேழு பேர் இறந்தனர். நல்ல உடற்கட்டு உள்ளவர்களையே தேர்ந்தெடுத்துப் படையில் சேர்க்கிறார்கள். அவர்களே இருமடங்கு இறக்கிறார்கள் என்றால் குறை எங்கே இருக்கிறது?

அட்டவணைகள் ஆயத்தமாயின. ஆனால், அவற்றை யார் படிப்பார்கள்? புள்ளிவிவரம் என்றால் சுவையற்று, வறண்டு இருப்பதே முறை என்பது பாரின் கருத்து. நைட்டிங்கேலின் கருத்து வேறு. மகாராணியாரும் அமைச்சர்களும் அட்டவணையைப் புரட்டிவிட்டு மூடிவிடுவார்கள். காதால் கேட்டு உணராததைக் கண்ணால் கண்டு உணரட்டும் என்று அவர் எண்ணினார். ஆகவே, எண்களைப் படமாக வரையத் துணிந்தார்.

எண்ணைப் படமாக்கும் கலையை அவர்தாம் கண்டுபிடித்தார் என்று சொல்வதற்கில்லை. வில்லியம் பிளேபேர் என்பவர் 1786இலேயே பட்டை விளக்கப்படமும், 1801இல் வட்ட விளக்கப்படமும் வெளியிட்டிருந்தார். பாரும் காலரா பற்றிய தமது அறிக்கையில் வட்டப் படங்களைப் பயன்படுத்தியிருந்தார். ஆனால், ஒரு சீர்திருத்தத்துக்காகப் படத்தையே ஆயுதமாக ஏந்திய பெருமை நைட்டிங்கேலைச் சாரும்.

கண்ணை ஏமாற்றிய படம்

ஆண்டில் பன்னிரண்டு மாதங்கள். வட்டத்தில் 360 பாகை. எனவே, ஒரு மாதத்துக்கு முப்பது பாகை. மையத்திலிருந்து ஒவ்வொரு மாதத்தின் திசையிலும் ஒரு கோடு. அந்த மாதச் சாவு விகிதம் எவ்வளவோ அவ்வளவு நீளம். கோடுகளின் முனைகளை இணைத்து உள்ளே வண்ணம் தீட்டினால் படம் தயார். முதலில் அவர் வரைந்தது இப்படித்தான். வௌவாலின் விரிந்த சிறகு போல் அது தோற்றமளித்தது.

கோடுகளின் நீளம் சரியாகவே இருந்தது. ஆனால், படத்தைப் பார்ப்பவர் கோட்டையா பார்க்கிறார்? வண்ணம் தீட்டிய பரப்பை அல்லவா பார்க்கிறார்! நாம் வகுப்பில் படித்ததை நினைவு கூர்வோம். வட்டத்தின் ஆரம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. அப்படியானால், ஜனவரியில் நோய்ச் சாவு காயச் சாவைப் போல் முப்பத்து மூன்று மடங்கு என்பதை நீளத்தால் காட்டும்போது, பரப்பு ஆயிரம் மடங்குக்கும் மேல் பெருத்துவிடும். எண் உண்மை சொல்கிறது. படம் பொய் சொல்கிறது!

இந்தப் பொய் யாருக்குச் சாதகமானது? நைட்டிங்கேலுக்கே சாதகமானது! நோயே பெரும் பகைவன் என்பதைத்தான் அவர் நிறுவ முயன்றார். அந்தப் பகைவனைப் படம் மேலும் பெரிதாக்கிக் காட்டியது. பார்ப்பவர் அஞ்சி நடுங்குவர். காரியம் விரைவில் முடியும். வேறொருவராயிருந்தால் வாளாவிருந்திருப்பார். அவரோ பிழையை உணர்ந்ததும் நூலில் ஒரு திருத்தச் சீட்டைச் சேர்த்தார். அதோடு நில்லாமல், அந்தப் படத்தையே கைவிட்டுப் புதிய படம் வரைந்தார்.

புதிய படத்தில் ஒவ்வொரு மாதமும் மையத்திலிருந்து விரியும் ஓர் ஆப்பு வடிவத் துண்டு. நீளத்துக்குப் பதிலாகப் பரப்பே சாவு விகிதத்தைக் குறித்தது. அதற்கு அவர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே. விகிதத்தின் வர்க்கமூலத்தைக் கண்டு, அதற்கேற்ப ஆரத்தை அமைப்பது. முப்பத்து மூன்று மடங்குக்கு வர்க்கமூலம் ஏறத்தாழ ஐந்தே முக்கால். எனவே, ஜனவரியின் நோய்த் துண்டு காயத் துண்டைப் போல் ஐந்தே முக்கால் மடங்கு நீளமே கொண்டது. பரப்போ சரியாக முப்பத்து மூன்று மடங்கு. எண்ணும் கண்ணும் இப்போது ஒன்றையே சொல்லின.

நீலம், சிவப்பு, கறுப்பு

மூன்று வண்ணங்களை அவர் எடுத்துக்கொண்டார். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த சாவுக்கு நீலம். போர்க்காயத்தால் நேர்ந்த சாவுக்குச் சிவப்பு. ஏனைய காரணங்களுக்குக் கறுப்பு. மூன்றும் மையத்திலிருந்தே அளக்கப்பட்டவை. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை.

இங்கே இன்னொரு சிக்கல் எழுந்தது. பெரிய துண்டைச் சிறிய துண்டின் மேல் தீட்டினால் சிறியது மறைந்து போகும். ஆகவே, பெரியது அடியிலும் சிறியது மேலும் இருக்க வேண்டும். ஆனால், எது பெரியது என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறதே! பல மாதங்களில் கறுப்பு சிவப்பைவிடப் பெரியது. 1854 நவம்பரிலோ, இன்கர்மன் போரின் காரணமாகச் சிவப்பு பெரியது. அந்த மாதத்தில் சிவப்புத் துண்டின் குறுக்கே ஒரு கறுப்புக் கோட்டை இழுத்து, கறுப்பின் எல்லை இதுவரை என்று காட்டினார். 1854 அக்டோபரில் கறுப்பும் சிவப்பும் ஏறக்குறைய சமமாகி, ஒன்றின் மேல் ஒன்று பொருந்தின. இதையெல்லாம் பார்ப்பவர் தவறாகக் கொள்ளாதபடி, படத்தின் ஓரத்திலேயே தெளிவாக எழுதிவைத்தார்.

படைவீரர்களின் தொகை மாதந்தோறும் மாறியதால், வெறும் சாவுத் தொகையை அவர் வரையவில்லை. ஆயிரம் வீரர்க்கு ஆண்டுக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டே வரைந்தார். 1855 ஜனவரியில் இந்த விகிதம், நோயால் மட்டும், 1,023 ஆயிற்று. ஆயிரம் பேருக்கு ஆயிரத்து இருபத்து மூன்று பேரா என்று வியக்க வேண்டாம். அந்த மாதத்தைப் போலவே எல்லா மாதங்களும் நடந்திருந்தால், புதிதாக ஆள் அனுப்பாவிட்டால், ஓராண்டு முடிவதற்குள் படை முழுவதும் அழிந்திருக்கும் என்பதே அதன் பொருள்.

சுகாதாரக் குழு வருவதற்கு முந்தைய ஓராண்டுக்கு ஒரு வட்டம். அதற்கடுத்த ஓராண்டுக்கு ஒரு வட்டம். இரண்டும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டன. முதல் வட்டத்தில் நீலம் சிறகு விரித்துப் படர்கிறது. இரண்டாம் வட்டத்தில் சுருங்கிச் சுருங்கி ஒரு சிறு மொட்டாகிறது. படிப்பறிவில்லாதவரும் ஒரே நொடியில் புரிந்துகொள்வர். ரோஜாப் படம் என்று இன்று அதனை அழைக்கின்றனர்.

அந்தப் படத்தை நான் பலமுறை உற்று நோக்கினேன். ஒன்று என் நெஞ்சைத் தொட்டது. நைட்டிங்கேல் ஸ்குட்டாரிக்கு வந்தது 1854 நவம்பரில். நீலம் மிகப் பெரிதாக இருப்பது அதற்குப் பின்வந்த டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்! அவர் விளக்கேந்தி இரவெல்லாம் நடந்த மாதங்கள் அவையே. நாடே தம்மைத் தெய்வமாகக் கொண்டாடிய வேளையில், தாம் அங்கிருந்தபோதுதான் மிகுதியானோர் இறந்தனர் என்பதை அவரே வண்ணம் தீட்டி மகாராணியாருக்கும் அமைச்சர்களுக்கும் அனுப்பினார். அன்பு மட்டும் போதாது, சாக்கடையும் சீராக வேண்டும் என்பதை உலகம் அறிய வேண்டும். தம் புகழ் குறைந்தாலும் குறையட்டும் என்று எண்ணிய உள்ளம் அது.

பலனும் பெருமையும்

படம் பேசியது, அரசு செவி சாய்த்தது. படைவீடுகளில் காற்றோட்டமும் நல்ல குடிநீரும் கழிவுநீர் வசதியும் ஏற்பட்டன. இராணுவ மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. இராணுவத்தின் நோய்க் கணக்கை முறையாகத் தொகுக்கத் தனிப் பிரிவு உருவாயிற்று. 1858ஆம் ஆண்டில் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அக்கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவரே. 1860இல் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

நம் நாட்டையும் அவர் மறக்கவில்லை. இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. ஆனால், இந்தியாவில் இருந்த படையின் சுகாதாரத்தை ஆராய 1859இல் அமைந்த ஆணையத்துக்காக, வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களின் படைத்தளங்களுக்குக் கேள்விப் படிவங்கள் அனுப்பச் செய்தார். வண்டி வண்டியாக வந்த விடைகளை நோய்ப் படுக்கையில் இருந்தபடியே ஆராய்ந்தார். ஆண்டுக்கு ஆயிரம் வீரர்களில் 69 பேர் இறந்ததை 1863ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. பத்தாண்டுகளுக்குப் பின் அது 18ஆகக் குறைந்ததை அவரே மகிழ்ந்து எழுதினார். பின்னர் அவருடைய கவனம் இந்தியச் சிற்றூர்களின் குடிநீர், பாசனம், பஞ்சம் ஆகியவற்றின் மேல் சென்றது.

1907ஆம் ஆண்டில் ஆர்டர் ஆப் மெரிட் என்ற உயர்ந்த விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் பெண்மணியும் அவரே. 1910 ஆகஸ்ட் 13ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், அவர் இயற்கை எய்தினார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யும் வாய்ப்பை உறவினர் ஏற்கவில்லை. எளிமையே அவர் விருப்பம். ஹாம்ப்ஷயரில் உள்ள சிற்றூர்க் கோவிலில், குடும்பக் கல்லறையில் அவர் துயில்கிறார். கல்லில் அவர் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும் பிறந்த நாளும் இறந்த நாளுமே உள்ளன.

நான் கற்ற பாடம்

இந்த அம்மையாரைப் பற்றி எழுத நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தவக்காலத்தில் ஏழைகளுக்கென ஒவ்வொரு வகுப்பும் உண்டியலில் சேர்த்த தொகையைக் கணிப்பொறியில் படமாக வரையும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. வகுப்புக்கு ஒரு வட்டம் என்று நிரல் எழுதினேன். தொகையையே ஆரமாகக் கொடுத்தேன். எங்கள் வகுப்பின் வட்டம் நிலவு போல் பெரிதாக வந்தது. எங்கள் தொகையில் பாதி கொடுத்த வகுப்பின் வட்டம், கால் பங்காகத் தெரிந்தது. இடம் போதாமல் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கடைசியாக வரையப்பட்ட எங்கள் வட்டம், ஆறாம் வகுப்பின் சிறிய வட்டத்தை முழுவதும் மூடிவிட்டது. கணிப்பொறி தவறு எதுவும் சொல்லவில்லை. தொகைகளும் கீழே சரியாகவே இருந்தன. நானும் பெருமையுடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

மாலையில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பலகையின் முன் நின்று தங்கள் வகுப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நாங்களும் கொடுத்தோமே அக்கா, எங்கே என்று கேட்டாள். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசுகளை மற்றெல்லாக் காணிக்கையினும் மேலாகக் கண்டார் நம் ஆண்டவர். நானோ அந்தக் காசுகளை மறைத்தேவிட்டேன்!

எங்கள் கணித ஆசிரியையான அருட்சகோதரி கடிந்துகொள்ளவில்லை. நைட்டிங்கேலின் படத்தை எடுத்துக் கொடுத்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு வா என்றார். பார்த்தேன், புரிந்தது. நிரலில் இரண்டே இடங்களைத் திருத்தினேன். தொகைக்குப் பதிலாக அதன் வர்க்கமூலத்தை ஆரமாகக் கொடுத்தேன். பெரிய வட்டங்களை முதலிலும் சிறியவற்றைப் பின்னரும் வரையச் செய்தேன். எங்கள் நிலவு சிறுத்தது. ஆறாம் வகுப்பின் வட்டம் நடுவில் பளிச்சென்று தெரிந்தது. அந்தச் சிறுமி தன் தோழியரை அழைத்து வந்து காட்டினாள்.

தோழியரே, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கல்லறையில் துயிலும் அம்மையார், இன்றைய கணிப்பொறிக்கும் ஆசிரியையாக இருக்கிறார். இயந்திரம் நாம் சொன்னதை வரையும். அது நேர்மையானதா என்று கேட்காது. அதைக் கேட்க வேண்டியது நாமே. எண்களில் பொய் சொல்லாதிருப்பது எளிது. பார்ப்பவர் கண்ணிலும் பொய் தோன்றாதபடி காப்பது கடினம். அதுவும், அந்தப் பொய் நமக்கு நன்மை தரும் வேளையில் மிகமிகக் கடினம்.

இருளில் விளக்கேந்தியவர் அம்மையார். எண்களின் இருளிலும் விளக்கேற்றியவர் அவரே. அவ்விளக்கின் ஒளியில், பெரியதைப் பெரியதாகவும் சிறியதைச் சிறியதாகவும், எதையும் மறைக்காமலும் காட்டக் கற்றுக்கொள்வோமாக! வாழ்க நைட்டிங்கேல் அம்மையாரின் நினைவு!